ஒரத்தநாட்டில் இருப்பது அரண்மனையா, சத்திரமா, பள்ளிக்கூடமா?

கேள்வி இதுதான்: "தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரத்தநாட்டில் பெரிய பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் அரண்மனை என்றார். முன் இருக்கைக்காரர் சத்திரம் என்றார். இன்னொருவர் தாம் படித்த பள்ளிக்கூடம் என்றார். எது சரி? வழிப்போக்கர் ஓர் இரவு தங்கிப் போவதற்கு இத்தனை பெரிய கட்டடம் எதற்கு? ஏன் அதைக் கைவிட்டார்கள்?"

மூவரில் இருவர் சொன்னது சரி. அது சத்திரம். பின்னாளில் மாணவர் விடுதியாகவும் பள்ளியாகவும் இருந்தது. அரண்மனை என்பது மட்டும் தவறு. ஆனால் முகப்பைப் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். அடித்தளத்தில் யானைகளும் குதிரைகளும் தேரை இழுத்துச் செல்வது போன்ற வேலைப்பாடு, மேலே மாடி, உள்ளே முற்றங்கள். ஓர் அரசர் தமக்காகக் கட்டிக்கொள்ளும் முறையில்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதில் படுத்து உறங்கியவர்களோ கால்நடையாக ராமேசுவரம் போன பரதேசிகளும், மாட்டுவண்டிக் குடும்பங்களும், கைப்பிள்ளைக்காரிகளும். அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஏடுகளில் அதன் பெயர் முக்தாம்பாள் சத்திரம். ஊரார் வாயில் அது முத்தம்பாள் சத்திரம், முத்தம்மாள் சத்திரம் என்றெல்லாம் வழங்குகிறது. ஊருக்கே ஒரு காலத்தில் முக்தாம்பாள்புரம் என்ற பெயர் இருந்தது. முக்தாம்பாள் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரியவர். சரபோஜி 1798-இல் அரியணை ஏறினார். அதற்கு முன் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1787-இல் துளஜா மன்னர் தத்தெடுத்த பிள்ளை, சித்தப்பா முறையான அமர்சிங் ஆட்சிக்கு வந்ததும் உரிமை இழந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரின் பொறுப்பில் வளர்ந்து, சில ஆண்டுகள் சென்னையில் இருந்து படித்து, கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தயவில் பட்டத்துக்கு வந்தார். பட்டத்துக்கு வருமுன்பே அவரோடு வாழ்ந்தவர் முக்தாம்பாள் என்றும், இளம் வயதில் இறந்தவர் என்றும், சாகும் தறுவாயில் தன் பெயரால் ஓர் அன்னசத்திரம் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சத்திரம் எழுந்தது.

தஞ்சை மராத்தியர் சத்திரங்களின் பட்டியலைப் பார்த்தால் பெண் பெயர்களாகவே இருக்கும். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். யமுனாம்பாள் பெயரால் நீடாமங்கலமும் யமுனாம்பாள்புரம் ஆனது. அரசர்களின் பெயரில் கோட்டையும் அகழியும் நின்றன. சோறு போட்ட இடங்களில் பெரும்பாலும் அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்தான் நிலைத்தது.

இப்போது இந்த ஊர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல். அங்கிருந்து கடலோரமாகவே தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன். இது சேதுப் பாதை. காசிக்குப் போனவர் ராமேசுவரத்துக்கும் வந்தால்தான் யாத்திரை நிறைவேறும் என்ற நம்பிக்கையில் வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்துவந்த பாதை. தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் வரை இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். மாட்டுவண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகும். வெயிலுக்கு முன் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் என்று ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் மாடு தாங்கும். தஞ்சாவூரில் விடியலில் கிளம்பிய வண்டி பொழுது சாயும் நேரத்தில் எங்கே நிற்குமோ அங்கே ஒரத்தநாட்டுச் சத்திரம் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் பட்டுக்கோட்டை. மாட்டின் கால் வலியைக் கணக்கு வைத்துத்தான் சத்திரத்துக்கு இடம் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு முழுவதும் இப்படித்தான். ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம், சத்திரக்குடி, சத்திரப்பட்டி. பஸ் நடத்துநர் கூவும் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ வண்டியை அவிழ்த்துப் போட்டு இளைப்பாறிய இடங்கள். பல ஊர்களில் சத்திரம் இடிந்து தடமே இல்லாமல் போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரத்தநாட்டில் பெயர் மாறிப்போய்க் கட்டடம் மிஞ்சியிருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி: ஓர் இரவு தங்க இத்தனை பெரிய கட்டடம் எதற்கு?

இதற்கு விடை சரபோஜியே எழுதிவைத்திருக்கிறார். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அவர் தஞ்சை நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடா என்ற பொன் நாணயம், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்சி போனபின் அவர் எதற்காக மன்றாடினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1801-இல் தஞ்சை ரெசிடென்டாக, அதாவது அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு விட்டிருந்த மானிய கிராமங்களில் கைவைக்காதீர்கள் என்பதே அதன் சாரம். தஞ்சை ராஜ்யத்துக்குத் தர்மராஜ்யம் என்று பெயர் வந்ததே இந்தச் சத்திரங்களால்தான், தம் விருதுகளில் எல்லாம் அந்தப் பெயரையே பெரிதாகக் கருதுவதாகவும் அதில் சொல்கிறார். வெள்ளைக்கார அதிகாரிக்குச் சத்திரம் என்றால் என்னவென்று புரியாது அல்லவா? அதனால் ஒரு சத்திரத்தில் காலையிலிருந்து இரவு வரை என்ன நடக்கிறது என்று விலாவாரியாக விவரித்திருக்கிறார். அந்த விவரம் நமக்குக் கிடைத்த பெரும் பேறு.

பிராமணர் முதல் பறையர் வரை சாதி பாராமல் வந்த எல்லாருக்கும், ஜோகி, ஜங்கமர், அதீதர், பைராகி என்று எந்த மார்க்கத்தவராக இருந்தாலும், சமைத்த சோறு உண்டு. பிறர் சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகு என்று படியாக அளந்து கொடுப்பார்கள். இந்த வழங்கல் காலையில் தொடங்கி நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று உரக்கக் கூவுவார்கள். அதற்குப் பிறகுதான் மடைப்பள்ளி அடங்கும்.

அந்த நள்ளிரவு மணியை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். சுற்றிலும் வயல். ஊர் அடங்கிவிட்டது. விளக்கு என்று சொல்ல மாடக்குழியில் எரியும் அகல் மட்டும். ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்து ஓடம் தாமதப்பட்டோ, மாடு படுத்துவிட்டோ, வழி தவறியோ பிந்தி வருகிற ஒருவன் இருட்டில் நடந்துகொண்டிருக்கிறான். சத்திரம் இன்னும் எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. அப்போது அந்த மணி கேட்கிறது. வந்தவனுக்குச் சோறு போடுவது பெரிதுதான். இன்னும் வந்து சேராதவனை நினைத்து மணி அடிப்பதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

கடிதம் அதோடு முடியவில்லை. ஒவ்வொரு சத்திரத்திலும் வேதம் சொல்லிக்கொடுப்பவர், பள்ளி ஆசிரியர், நோயும் கட்டியும் பாம்புக்கடியும் பார்க்கும் வைத்தியர் இருந்தார்கள். வழியில் நோயுற்றவரைக் குணமாகும்வரை வைத்திருந்து மருந்தும் பத்தியச் சோறும் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குப் பால். சூலுற்ற பெண்ணுக்கு வழியில் வலி கண்டால் சத்திரத்திலேயே பிரசவம் பார்த்து, மூன்று மாதம் வரை தங்க வைத்தார்கள். பெற்றோர் வழியில் இறந்து அனாதையான பிள்ளைகளைப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்து, மூன்று வேளைச் சோறு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி, படிப்பு எல்லாம் தந்து, கல்யாணச் செலவு வரை ஏற்றார்கள். வந்த இடத்தில் இறந்தவருக்கு அவரவர் குல வழக்கப்படி ஈமக்கடன் செய்தார்கள்.

ஆக, அது விடுதி மட்டுமல்ல. சாப்பாட்டுக்கூடம், ஆஸ்பத்திரி, பிரசவ விடுதி, பள்ளிக்கூடம், அனாதை இல்லம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அத்தனைக்கும் இடம் வேண்டாமா? முற்றத்துக்குப் பின் முற்றம் வைத்துக் கட்டியதற்குக் காரணம் அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "சாதி பாராமல்" என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பொருள் இல்லை. சமைத்த சோறு ஒருவருக்கு, அரிசிப் படி இன்னொருவருக்கு என்ற பிரிவே சாதி அங்கே எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டிவிடுகிறது. வேதம் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தது எல்லாப் பிள்ளைகளுக்காகவும் அல்ல. ஆனாலும், கடைசி மனிதனுக்கும் அங்கே பங்கு உண்டு, பசியோடு ஒருவரும் போகக்கூடாது என்பது சத்திரத்தின் விதியாக எழுதப்பட்டிருந்தது. எழுதிவைத்த அந்த விதி நூறு ஆண்டு கழித்து எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணையா?" என்று ஒரு பழமொழி உண்டு. வருகிறவர் எல்லாருக்கும் போடுகிற சோற்றுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு பழமொழி பிறக்க வேண்டுமானால், சத்திரச் சோறு கேள்வி கேட்காமல் கிடைத்த ஒரு காலம் இருந்திருக்க வேண்டும்.

பழைய சத்திரம் எதற்குள் போனாலும் சில இடங்களை உற்றுப் பாருங்கள். சிலைகளையும் தூண்களையும் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் மாடக்குழிகளைப் பாருங்கள். சுவரில் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் குடைந்த சிறு குழி. அகல் வைக்கும் இடம். அதன் மேல்விளிம்பில் விரல் வைத்துத் தடவினால், எத்தனை முறை வெள்ளையடித்திருந்தாலும் அடியில் எண்ணெய்க் கரி தட்டுப்படும். மாடங்கள் நெருக்கமாக இருந்தால் அது ஆட்கள் படுத்த தாழ்வாரம். இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சாமான் அறை. அடுத்து, கூரையில் புகை போக விட்ட திறப்பைத் தேடுங்கள். அதன் நேர்கீழே மடைப்பள்ளி இருந்திருக்கும். கிணறு அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். சமையலுக்குத் தனிக் கிணறு, குளிக்க வேறு கிணறு அல்லது குளம். வாசலில் உயர்ந்த திண்ணை இருந்தால், உள்ளே போக முடியாதவர்களும் போக விரும்பாதவர்களும் தங்கிய இடம் அது.

காலத்தைக் கணிக்கச் செங்கல் போதும். பூச்சு உதிர்ந்த இடத்தில் மெல்லிய, தட்டையான செங்கல் தெரிந்தால் பழைய கட்டுமானம். தடித்த, பெரிய செங்கல் என்றால் பிரிட்டிஷ் காலத்தில் ஒட்டுப்போட்டது. கூரையில் மங்களூர் ஓடு கண்டால் அந்தப் பகுதி 1865-க்குப் பிற்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. அதற்கு முன் கையால் செய்த நாட்டு ஓடுதான், அல்லது தேக்கு உத்திரத்தின்மேல் செங்கலைக் குத்துவாக்கில் மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டோடு பதிக்கும் தளம். இந்தத் தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். இரண்டு நூற்றாண்டு வெயிலையும் மழையையும் அது தாங்கும். தாங்காதது ஒன்றே ஒன்று: விரிசலில் முளைத்த அரசங்கன்றை யாரும் பிடுங்காமல் விடுவது.

இனி, ஏன் கைவிட்டார்கள் என்ற கேள்வி.

வெள்ளைக்காரன் மானியத்தைப் பிடுங்கிக்கொண்டான், அதனால் சத்திரங்கள் அழிந்தன என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதை நான் முழுதும் ஏற்கவில்லை. 1855-இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சை அரசே இல்லாமல் போயிற்று என்பது உண்மை. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போய், பிறகு மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டின் பொறுப்பில் வந்தன. ராஜா கண்காணித்த இடத்தில் குமாஸ்தா கண்காணித்தார். பந்தி சுருங்கியது. இவ்வளவும் நடந்தது. ஆனால் சத்திரத்தைக் காலியாக்கியது ரயில்.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு அது திருச்சிக்குப் போயிற்று. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தது. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் தண்டவாளம் போட்டார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரம் தீவுக்குள்ளேயே ரயில் நுழைந்துவிட்டது. இதில் கவனியுங்கள்: ரயில் சேதுப் பாதையில் வரவில்லை. திருச்சி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று மேற்கே சுற்றிப் போயிற்று. ஒரத்தநாட்டிலும் மணமேல்குடியிலும் மீமிசலிலும் இரவு தங்கிப் பத்து நாள் நடந்தவர்கள் இப்போது பெட்டியில் உட்கார்ந்தபடியே ஓர் இரவில் போய்ச் சேர்ந்தார்கள். ஒரத்தநாட்டுக்கு இன்றும் ரயில் இல்லை. நீடாமங்கலத்துக்கு 1861-லேயே ரயில் வந்தது, ஆனால் அதுவும் சத்திரத்தைக் காப்பாற்றவில்லை. ரயிலில் வந்தவன் நீடாமங்கலத்தில் இறங்கி இரவு தங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மாட்டின் களைப்பை அளந்து வைத்த இடங்கள், களைக்காத இயந்திரம் வந்ததும் பொருளிழந்தன.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம். முக்தாம்பாள் சத்திரத்தைவிட ஏறக்குறைய நூறு ஆண்டு மூத்தது. மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவர். அதுவும் ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் கண்டதுதான், மானியமும் பழைய நிலையில் இல்லை. ஆனாலும் மாநகராட்சியின் கீழ் அது நம் காலம் வரை தங்கும் விடுதியாகவே இருந்து வந்தது. ரயில் நிலையம் அதன் வாசலுக்கு எதிரே வந்துவிட்டதால் பயணி நின்றுபோகவில்லை. வாசலில் ஆள் வந்துகொண்டிருக்கும்வரை ஒரு விடுதி எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். ஒரத்தநாட்டு வாசலுக்கு ஆள் வருவதுதான் நின்றது.

வாசலுக்கு ஆள் வரவில்லை, ஆனால் நிலம் விளைந்துகொண்டுதான் இருந்தது. சத்திரத்துக்கு எழுதிவைத்த கிராமங்களின் வருவாய் ஒவ்வோர் ஆண்டும் வந்தது. அதை என்ன செய்வது? பல ஊர்களின் பழைய கட்டடக் கதைகள் இந்த இடத்தில் வழக்காகவும் ஆக்கிரமிப்பாகவும் முடியும். தஞ்சையில் வேறு மாதிரி திரும்பியது. என் கணக்கில் இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் மிக நல்ல பகுதி இதுதான், அதிகம் பேசப்படாத பகுதியும் இதுதான்.

1920-களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். பாரிஸ்டர், நீதிக்கட்சிக்காரர். தாலுகா போர்டில் இருந்தவர் கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனார். அப்போது சத்திர வருவாயில் திருவையாற்றில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி நடந்து வந்தது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர் விடுதிகள் இருந்தன. விடுதியில் இடமும் சோறும் பிராமணப் பிள்ளைகளுக்கே என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. கேட்டால், ராஜா எழுதிவைத்தது அப்படித்தான் என்று சொல்லப்பட்டது.

எழுதிவைத்தது என்ன என்று பார்த்துவிடலாம் என்றார்கள் இவர்கள் இருவரும். பழைய சாசனத்தை எடுத்துப் படித்துப் பார்த்தபோது, அறம் பொதுவான கல்விக்கு என்றே இருந்தது. ஒரு மொழிக்கோ ஒரு சாதிக்கோ என்று இல்லை. திருவையாற்றுக் கல்லூரியில் சமஸ்கிருதத்தோடு தமிழும் நுழைந்தது. அது அரசர் கல்லூரி ஆனது. வித்துவான் என்ற தமிழ்ப் புலமைப் படிப்புக்கு உழவர் வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளின் கதவு எல்லாச் சாதி மாணவர்களுக்கும் திறந்தது.

முன்னே சொன்னேன் அல்லவா, எழுதிவைத்த விதி பின்னால் உதவியது என்று? இதுதான் அது. நடைமுறையில் எத்தனை குறுகலாக ஆகியிருந்தாலும், "வருகிற எல்லாருக்கும்" என்று ஏட்டில் இருந்தது அழியவில்லை. படித்துப் பார்க்க ஆள் வந்ததும் அது எழுந்து நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அனாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் தந்த கூரையின் கீழ், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துப் படித்தார்கள். பஸ்ஸில் உங்களிடம் "நான் படித்த பள்ளிக்கூடம்" என்று சொன்ன அந்தப் பெரியவர் சொன்னது சத்திரத்தின் வரலாற்றுக்கு வெளியே நிற்கிற செய்தி அல்ல. சரபோஜி கடிதத்தில் விவரித்த வேலைகளில் ஒன்றின் தொடர்ச்சி அவர். பன்னீர்செல்வம் பின்னர் மாகாண அமைச்சரானார். 1940 மார்ச் முதல் தேதி, லண்டனுக்குப் போகும் வழியில் அவர் ஏறிய ஹனிபல் விமானம் ஓமன் வளைகுடாப் பகுதியில் காணாமல் போயிற்று. வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய வீட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவர், தாமே ஒரு பயணத்தில் வழியிலேயே மறைந்துபோனார்.

பள்ளியும் விடுதியும் வேறு கட்டடங்களுக்கு மாறிய பிறகு, சத்திரம் கேட்பாரற்றுப் போனது. சுவரில் செடி முளைப்பதும், மரம் உளுத்து உத்திரம் இறங்குவதும், ஒரு பகுதி சரிந்தால் அடுத்த பகுதியில் மழை இறங்குவதும் ஆள் இல்லாத எந்தக் கட்டடத்துக்கும் நேர்வதுதான்.

இதைப் பழுதுபார்க்கிறேன் என்று யார் முன்வந்தாலும் ஒரு சொல் சொல்ல ஆசை: சிமெண்டைத் தொடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல்லை உப்பாக அரித்துவிடும். பூசிய இரண்டு மூன்று ஆண்டுகள் பளிச்சென்று இருக்கும், பிறகு பாளம் பாளமாகப் பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு விழும். பல கோவில் மதில்களில் இதைப் பார்த்துவிட்டோம். நீற்றிய சுண்ணாம்பை மணலோடும் செங்கல் தூளோடும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் புளிக்கவைத்துப் பூசும் கைகள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. செட்டிநாட்டுப் பக்கம் போனால் கிடைப்பார்கள். செலவு கூடும், நாள் கூடும். அதற்காக அவசரப்பட்டு வேறு வழியில் போனால் மிஞ்சுவது புதிய கட்டடமாகத்தான் இருக்கும்.

மேற்கொண்டு தேட விரும்பினால் தஞ்சாவூரில் இரண்டு இடங்களுக்குப் போங்கள். ஒன்று சரஸ்வதி மகால் நூலகம். மராத்திய அரசின் அன்றாடக் கணக்குகள் மோடி எழுத்தில் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. மோடி என்பது மராத்தியை விரைந்து எழுதக் கையாண்ட கூட்டெழுத்து. இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அரண்மனையில் எதற்கு எவ்வளவு செலவு, யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற விவரங்கள் எல்லாம் அந்தக் கட்டுகளில்தான். அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-இல் தமிழாக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. மோடி தெரியாத நமக்கு அதுவே வாசல்.

இன்னொன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அரசன் போய், கம்பெனி போய், ஜில்லா போர்டும் போய்விட்டது. ஆனால் தஞ்சாவூரில் சத்திரம் நிர்வாகத்துக்கென்று ஒரு தனி வட்டாட்சியர் பதவி இருந்துவருகிறது. முக்தாம்பாளுக்காகவும் யமுனாம்பாளுக்காகவும் எழுதிவைத்த சொத்துகளின் குத்தகைக்கும் வாடகைக்கும் கணக்கு வைப்பது அந்த அலுவலகத்தின் வேலை. ஒரத்தநாட்டுக் கட்டடத்தைப் பற்றி எந்த மனு கொடுப்பதானாலும் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.